மகளுக்காக எழுதிய உயில்

போன வருடம் ஓணத்துக்குப் பூ வியாபாரம் முடிந்து நான்கைந்து நாள் இருக்கும். தோவாளைப் பக்கம் எங்கள் பிச்சிப்பூத் தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தபோது நெஞ்சை யாரோ பிடித்து அமுக்குவதுபோல் இருந்தது. மனைவிக்கு மூட்டுவலி, வேகமாக நடக்க முடியாது. ஆட்டோ பிடித்து என்னை நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது மகள்தான்.

மகள் என்கிறேனே தவிர, அவளை நாங்கள் பெறவில்லை. அவள் என் மனைவியின் தங்கை பெற்ற பிள்ளை. இரண்டு வயதில் தாய் இறந்துவிட, தகப்பன் கேரளாவில் வேறு கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டார். எங்களுக்கும் குழந்தை இல்லை. அப்போதே அவளைத் தூக்கிக்கொண்டு வந்தோம். இருபது வருடமாக எங்களை அப்பா, அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள்.

ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோ செய்வதற்கு யாராவது கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். படிவத்தில் உறவு என்ற இடத்தில் 'மகள்' என்று எழுதினாள். கவுன்ட்டரில் இருந்த பெண் ஆதார் அட்டையைப் பார்த்துவிட்டு, "இதுல அப்பா பேரு வேறயா இருக்கே?" என்று கேட்டார். தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் பிள்ளையின் முகம் சுண்டிவிட்டது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு நெஞ்சுவலியைவிட அதுதான் அதிகமாக வலித்தது.

நல்ல வேளையாக மருந்து மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நான் போய்விட்டால் இவளுக்கு என்ன இருக்கிறது?

உடம்பு தேறியதும் கோர்ட்டில் இலவச சட்ட உதவி கொடுக்கிற இடத்துக்குப் போனேன். அங்கே ஒரு பெண் வக்கீல், என் மகளைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவராக இருப்பார். முதல் கேள்வியே, "பிள்ளையைத் தத்து எடுத்தியளா? பத்திரம் இருக்கா?" என்பதுதான்.

இல்லை. தூக்கி வளர்த்தால் போதும் என்று இருந்துவிட்டோம்.

இனி தத்தெடுக்கவும் முடியாது, வயது தாண்டிவிட்டது என்றார். அப்படியே விட்டால் என் சொத்து மனைவிக்கு வரும், அவளுக்குப் பிறகு என் தம்பிக்கோ அவன் பிள்ளைகளுக்கோ போகும், மகளுக்குச் சட்டப்படி ஒன்றும் இல்லை என்று பொறுமையாக விளக்கினார். அவளுக்கு எதுவுமே கொடுக்க முடியாதா என்று கேட்டேன். அதற்கு அவர், "பயப்படாதீங்க. பாகம் பிரிச்சு உங்க பேருக்கு வந்த சொத்துதான? யாருக்கு வேணும்னாலும் உயில் எழுதலாம்" என்றார். இரண்டு சாட்சி வேண்டும், அவர்களுக்கு அந்த உயிலால் எந்த ஆதாயமும் இருக்கக்கூடாது, பதிவு கட்டாயமில்லை என்றாலும் செய்துவைப்பது நல்லது என்றும் சொன்னார்.

தம்பிக்குத் தெரியாமல் முடித்துவிட வேண்டும் என்று நான் தீர்மானித்தேன். அவன் நிலமும் என் தோட்டமும் அடுத்தடுத்து இருக்கின்றன. அவனுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். எப்போதோ ஒருநாள், "உங்களுக்குப் பொறவு தோட்டத்த யாரு பாப்பா?" என்று கேட்டிருந்தான். அதை மனதில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் அவன் முகத்தைப் பார்த்துப் பேசாமல் நடந்தேன். "அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க" என்று மனைவி நச்சரித்தாள். நான் கேட்கவில்லை.

பதிவு அலுவலகத்துக்குப் போன அன்று வக்கீல் உயிலை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு சாட்சியாக வந்துவிட்டார். இன்னொரு சாட்சி, பூ மார்க்கெட் நண்பர், போன் செய்தார். சொந்தத்தில் ஒரு சாவு, வர முடியாது என்றார். என்ன செய்வது என்று விழித்துக்கொண்டு நிற்கையில் தம்பியின் பைக் வந்து நின்றது. வயலில் இருந்து அப்படியே வந்திருந்தான், காலில் சேறு காயவில்லை.

"நான்தான் வரச் சொன்னேன்" என்றாள் கூட வந்திருந்த மனைவி. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

தம்பி உயிலை வாங்கிப் பார்க்கக் கையை நீட்டினான். வக்கீல் என்னைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் தலையசைத்தேன். பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தான். அந்தப் பத்து நிமிடம் எனக்குப் பழைய நெஞ்சுவலியே திரும்பிவிடும் போலிருந்தது.

"அண்ணே, இதுல ஒரு குறை கெடக்கே."

வந்துவிட்டது வம்பு என்று நினைத்தேன்.

"தோட்டத்துக்குப் போற வழி என் நிலத்துக்குள்ளதான கெடக்கு? அத எங்கயும் எழுதலயே. நாளைக்கு நீங்களும் நானும் இல்லாட்டா, என் பயலுவ வேலி போட்டுட்டா பிள்ளை எது வழியா போவா?"

வக்கீல், "அது உங்க நிலம். நீங்கதான் தனியா எழுதிக் குடுக்கணும்" என்றார்.

"அதுக்கென்ன, எழுதித் தாறேன்" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினான். "நம்ம பிள்ளைக்கு எழுதுகதுக்கு என்கிட்ட எதுக்கு மறைக்கணும்?"

அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அதெல்லாம் கெடக்கட்டு, பொறவு ஒரு டீ வாங்கித் தாங்க" என்று சொல்லிவிட்டு, வராத சாட்சியின் இடத்தில் அவனே கையெழுத்துப் போட்டான். அந்த உயில் இல்லாவிட்டால் சொத்து அவனுக்கு வர வாய்ப்பு இருந்தது என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். அடுத்த வாரமே வழிக்கான பத்திரத்தையும் பதிவு செய்து கொடுத்தான்.

உயில் பதிவான அன்று சாயங்காலமே மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும், "மத்தியானம் மாத்திரை போட்டீங்களாப்பா?" என்று கேட்டாள். நான் போடவில்லை. அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இப்போது யார் வீட்டிலாவது பிள்ளையை எடுத்து வளர்ப்பதாகக் கேள்விப்பட்டால், முதலில் முறைப்படி தத்தெடுத்துவிடுங்கள் என்று நானாகவே போய்ச் சொல்கிறேன். தம்பியைச் சந்தேகப்பட்டதை மட்டும் வெளியாட்கள் யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. கூடப் பிறந்தவனிடம் ஒரு வார்த்தை கேட்காமலே அவனைப் பற்றி முடிவு கட்டியதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நான் நினைத்தது பொய்யாகிப்போனதில் அன்றைக்கு அடைந்த சந்தோஷம் என் வாழ்க்கையில் வேறு எதிலும் கிடைத்ததில்லை.