பிளேட்டுக்குக் கீழே சாப்பாடு

யட்டவத்த பக்கம் ரோடு வெட்டும் வேலைக்கு என்னை அனுப்பியபோது என்னிடம் புது டிப்ளோமாவும், சுருட்டிய சார்ட்டுகளும், நிறைய வாயும் இருந்தன. புல்டோசர் ஓட்டுபவர்களுக்கு மெஷின் படுக்காமல், ஆளுக்கு அடிபடாமல் வேலை செய்யப் பழக்குவதுதான் என் உத்தியோகம்.

முதல் நாள் பகல் சாப்பாட்டு நேரம். புல்டோசரின் பிளேடு நெஞ்சளவு உயரத்தில் நிற்கிறது. அதைத் தூக்கிப் பிடித்திருப்பது ஒரு கம்பிக் கயிறு. கீழே, அந்தத் துண்டு நிழலில், ஒப்பரேட்டர் ஜெய்னுதீன் நானாவும் கிளீனர் வேலுவும் சோற்றுப் பார்சல் அவிழ்க்கிறார்கள்.

“நானா, வெளிய வாங்க! கயிறு அறுந்தா?”

“வாங்க தம்பி மாஸ்டர், ஒங்களுக்கும் எடம் ஈக்கி.”

“சாப்பிடுற நேரம் பிளேடு தரையில இருக்கணும்.”

“தரையில வச்சா நெழல் எங்க? ஒங்க சார்ட்டுலயா?”

வேலுவுக்குச் சிரித்துப் புரையேறியது.

சார்ட்டை விரித்து விரித்துப் பேசினேன். நான் பார்த்தால் பிளேடு இறங்கும், திரும்பினால் ஏறும். அந்த வெட்டில் மரம் ஒன்றும் மிச்சமில்லை, எல்லாவற்றையும் நாங்களே தள்ளியிருந்தோம். ஒருநாள் வெயிலில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்தேன். பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன்.

நேரே ஓவர்சியரிடம் போய், ஸ்டோரில் கிடந்த, லொறிச் சாமானை மூடும் பழைய படங்குத் துணியைக் கேட்டேன்.

“பழக்கிக் குடுக்க அனுப்பினா பந்தல் போடுறியா? யாருக்குக் கல்யாணம்?”

“இப்பப் போடாட்டி எழவு வீட்டுக்குத்தான் போடணும், சேர்.”

முறைத்தார். ஆனால் தந்தார். கம்பு நட்டுக் கட்டினோம். ‘மாஸ்டர் ஹோட்டல்’ என்று வேலு பெயர் வைத்தான். கேலி செய்துகொண்டே இரண்டு பேரும் உள்ளே வந்தார்கள்; பிறகு அங்கேயே சாப்பிடப் பழகிவிட்டார்கள்.

சில வாரம் போயிருக்கும். படங்கின் கீழ் நானா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். அன்று பிளேட்டை இறக்க மறந்திருந்தார். படாரென்று ஒரு சத்தம். வெளியே கிரீஸ் பூசிப் பளபளத்த கயிறு, உள்ளே துருப்பிடித்து அறுந்திருந்தது. அவர்கள் முன்பு பார்சல் விரிக்கும் இடத்தில் பிளேடு மண்ணுக்குள் இறங்கி நின்றது.

“யா அல்லாஹ்” என்றார் நானா. கோப்பை நிரம்பி வழிவதுகூட அவருக்குத் தெரியவில்லை. வேலுதான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினான்.

அதன்பிறகு எத்தனையோ பேரைப் பழக்கியாயிற்று. இங்கே உட்காராதே என்று சொல்லுமுன் எங்கே உட்காருவது என்று காட்டிவிடுகிறேன். ஆனாலும் வெயிலில் காய்ந்த படங்கின் வாடை எங்காவது அடித்தால் மனசு அந்த இருவரிடமே போய்விடுகிறது.

யட்டவத்த வேலை முடிந்து நாங்கள் மூவரும் அடுத்துப் போனது உக்குவளைக்கு. மெஷினை ஏற்றிவந்த பெரிய லொறி நின்றதும் நானா கத்தியது இன்னும் காதில் இருக்கிறது:

“மொதல்ல படங்கக் கட்டு வேலு! மெஷின் பொறவு எறங்கட்டும்.”