தவிட்டுக்கு வாங்கிய என் மகள்

முருகனடியார்களே, என் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் நடந்ததைச் சொல்லாமல் இருந்தால் செந்தூரானுக்குத் துரோகம் செய்தவளாவேன்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு சரக்கு கிளியரிங் ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பட்டமும் வாங்கினேன். முதல் பிரசவத்தில் குழந்தையும் தங்கவில்லை, கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டார்கள். பிழைத்ததே பெரிது என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அப்போதுதான் என் முத்து அக்கா, "ஏளா, அழாத. நான் சுமந்து தாரேன். ரெண்டு பெத்த வயிறுதானே" என்றாள். உப்பளத்தில் வேலை செய்பவள். அத்தானும் சம்மதித்தார். கரு எங்களுடையது, வயிறு அக்காவுடையது. ஆனால் சட்டப்படி, கரு வைக்கும் முன்பே, பிறக்கும் பிள்ளைக்கு நானும் என் கணவரும்தான் பெற்றோர் என்று நீதிமன்றம் உத்தரவிட வேண்டும். அக்காவுக்குப் பணம் தரக் கூடாது. சுமப்பவளுக்கு வயது வரம்பும் உண்டு. அக்கா அந்த விளிம்பில் நின்றாள். இன்னொரு வாய்தா விழுந்தால் எல்லாம் முடிந்தது.

தெரு சும்மா இருக்குமா? "வயித்த வாடகைக்கு விட்டுட்டாளாம்லா, எவ்வளவாம்?" என்று அக்காவின் காதுபடவே கேட்டார்கள். நீதிமன்றத்திலும் அதே கேள்விதான். கேட்டவர் கருப்பு அங்கி போட்டிருந்தார், அவ்வளவே வித்தியாசம்.

எங்கள் அம்மா ஒரு நேர்ச்சை வைத்திருந்தாள். பிள்ளை பிறந்ததும் முருகன் சந்நிதியில் கிடத்தி, சாமிக்கே கொடுத்துவிட்டு, தவிடு கொடுத்துத் திரும்ப வாங்குவது. பிள்ளை தங்காத வீடுகளில் எங்கள் பக்கம் இப்படிச் செய்வார்கள்.

விசாரணையன்று அரசு வக்கீல் அக்காவிடம், "பிள்ளைக்குப் பதிலா என்ன தாராங்க?" என்றார். பின்னாலிருந்து அம்மா எழுந்து பெருமையாகச் சொன்னாள்: "தவிட்டுக்குத்தான்யா வாங்குதோம்!"

எல்லோரும் சிரித்தார்கள். வக்கீல் சிரிக்கவில்லை. ஏதோ கைமாறுகிறது, விசாரிக்க வேண்டும், வழக்கைத் தள்ளி வையுங்கள் என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. விளக்கம் சொல்ல எழுந்தேன். "உக்காருங்கம்மா, அவங்க சொல்லட்டும்" என்று வக்கீல் அடக்கினார். முருகா, என் படிப்புக்கு இங்கே வாயில்லை, நீயே பேசு என்று கண்ணை மூடினேன்.

அக்கா பேசினாள். அதுவரை குரலே எழும்பாமல் நின்றவள்.

"ஐயா, தவிடு சாமிக்கு. எனக்கில்ல. அம்மா உப்பளத்துக்குப் போகையில இவள நாந்தான் இடுப்புல சுமந்தேன். அதனாலதான் நான் பள்ளிக்கூடம் போவல. அன்னைக்கு என்ன கூலின்னு ஒருத்தரும் கேக்கல. இப்ப வயித்துல சுமக்கப்போறேன்னதும் ஏன் கேக்கிறீய?"

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். அம்மாவைக் கூப்பிட்டு நேர்ச்சையை முழுதாகச் சொல்லச் சொன்னார். கேட்டு முடித்து, "இதில் விற்பனை எதுவும் இல்லை" என்றார். அன்றே உத்தரவு வந்தது.

போன தை மாதம் மகள் பிறந்தாள். செந்தூர் சந்நிதியில் அர்ச்சகர், "தாயார் யாரு? முன்னால வாங்க" என்றார். அக்கா என் முதுகைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினாள். "இவதான் சாமி. கோர்ட்டே சொல்லியாச்சு."

விலை கேட்டவர்கள் இன்றும் எங்கள் தெருவில்தான் இருக்கிறார்கள். "ஒரு படி தவிடு" என்று சொல்லிவிட்டு மகளோடு நடக்கிறேன்.

ஊர்வாயில் அடிபடும் சகோதரிகளே, கோபப்படுங்கள், அழுங்கள், ஆனால் அவனிடம் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள். அவன் பேசுவான். யார் வாயால் என்பதை மட்டும் அவனிடமே விட்டுவிடுங்கள்.