நட்ட கம்பை ஆட்டக் கூடாது

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சாக்குப்பையோடு திருவனந்தபுரத்தில் வந்து இறங்கியபோது பதினாறு வயது. மலையாளத்தில் ஒரு வார்த்தை தெரியாது. அன்றைக்கு எவனோ போட்ட பந்தலுக்குக் குழி தோண்டினேன். இன்றைக்குச் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இரண்டு கிடங்கு, மூன்று லாரி, ஆயிரம் பேர் உட்காரும் பந்தலை ஒரே பகலில் எழுப்பிக் காட்டும் இருபது ஆட்கள், கரமனையில் மாடி வீடு. மழைக்காலத்தில் ஓட்டுக் கூரையெல்லாம் பறந்த ஒரு கல்யாண நாளில் என் பந்தல் மட்டும் நின்றது. மாப்பிள்ளை வீட்டார் அண்ணாந்து பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள். எனக்கு யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. இதையெல்லாம் கட்டியும் என்ன? எங்கள் தெருமுனை டீக்கடைக்காரன் இன்று காலையிலும் கேட்டான்: “அண்ணாச்சி, நாட்டிலேக்கு எப்போழா போகுன்னது?” இவன் அப்பனும் இதையேதான் கேட்டான். நாற்பத்தெட்டு வருஷமாக நான் சொந்த ஊருக்குக் கிளம்பிக்கொண்டே இருக்கிறவன் என்று இந்த ஊருக்கு நினைப்பு. அங்கே போனாலோ, பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள், “மலையாளத்தான் வந்தாச்சு. என்னைக்குத் திரும்புதீரு?” என்பான் ஒருத்தன்.

எனக்கு ஒரே மகள், முத்து. கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஒரு சாயங்காலம் ஆபீஸ் பஸ் ஹைவே நெரிசலில் அசையாமல் நின்றபோது அவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்து, கை விறைத்து, மூச்சு முட்டியிருக்கிறது. செத்துப்போகிறோம் என்றே நினைத்து இறங்கி ஓடி, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். இசிஜி எடுத்தார்கள், ஒன்றுமில்லை. பத்து நாள் கழித்து மறுபடியும் அதே கூத்து, மறுபடியும் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத ஒரு வியாதிக்கு மூன்று ஆஸ்பத்திரிப் படி ஏறியது நாங்களாகத்தான் இருப்போம். அப்புறம் பஸ் வேண்டாம் என்றாள். பிறகு ஸ்கூட்டரும் வேண்டாம். கடைசியில் முனைக் கடைக்குப் போகவும் துணைக்கு ஆள் கேட்டாள். லீவெல்லாம் தீர்ந்துவிட்டது, இப்படியே இரண்டு மாசம் போனால் வேலை போய்விடும் என்று அவளே சொல்லி அழுதாள்.

நான் சும்மா இருப்பேனா? தினமும் காரில் கொண்டுபோய் விட்டேன். விட்டுவிட்டு வந்தால் பயப்படுகிறாள் என்று, ஆபீஸ் வாசலுக்கு எதிரே இருந்த சாயாக்கடை பெஞ்சில் காலை பத்து முதல் சாயங்காலம் ஆறு வரை உட்கார்ந்தேன். ஊருக்கே நிழல் கொடுத்தவன் ஒரு கிழிந்த தார்ப்பாயின் கீழே! மணிக்கு ஒரு தடவை போன் போட்டு, “மக்களே, நெஞ்சு அடிக்கா? மூச்சு சரியா இருக்கா?” என்று கேட்பேன். கேட்டு முடிப்பதற்குள் அவளுக்கு அடிக்க ஆரம்பித்துவிடும். நான் முன்னெச்சரிக்கையாகக் கேட்டது நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த லட்சணத்தில் ஊரிலிருந்து என் மச்சினன் போன் பண்ணினான். “அத்தான், இது காத்துக் கருப்பு. மலையாளத்துக் காத்து நம்ம பிள்ளையளுக்கு ஆகாது. ஒரு கயிறு மந்திரிச்சுக் கெட்டுங்க” என்றான். அந்தக் கயிற்றையும் கட்டினோம். அது முத்துவின் கையில் கிடந்து அழுக்கானதுதான் மிச்சம். இதைப் படிக்கிற ஊர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: தலைவலிக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்வீர்கள், பயத்துக்கு மட்டும் கயிறு. மச்சினனின் முழங்காலுக்கு ஆப்பரேஷன் வேண்டும் என்றபோது கயிற்றோடு நின்றானா? கேட்டால் கோபம் வரும்.

கூட வேலை பார்க்கிற பெண் சொல்லித்தான் முத்து ஒரு தெரபிஸ்டிடம் போக ஆரம்பித்தாள். பேசுவதுதான் வைத்தியமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. பேச்சில் வியாதி தீரும் என்றால் எங்கள் சாலைக் கடைத்தெருவில் ஒருத்தனுக்கும் காய்ச்சல் வரக்கூடாது. மூன்றாவது வாரம் அப்பாவையும் அழைத்து வரச் சொன்னார்களென்று போனேன். ஒரு செடி, ஒரு சோபா, அழுகிறவர்களுக்கென்று ஒரு பெட்டிக் காகிதக் கைக்குட்டை. ஸ்டெதஸ்கோப் இல்லை, ஒரு மாத்திரை அட்டை இல்லை. நான் மூன்று ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டையும் பையிலிருந்து எடுத்து மேஜை மேல் பரப்பினேன். அந்தத் தெரபிஸ்ட் அம்மா மேலோட்டமாக ஒரு பார்வை பார்த்ததோடு சரி. திரும்பத் திரும்ப எதற்கு எடுத்தீர்கள் என்று என்னையே கேட்டாள்.

“எல்லாம் நார்மல் ஆணல்லோ அங்கிள். பின்னே எந்தினா வீண்டும் வீண்டும் எடுத்தது?”

“நார்மல்னா பிள்ளைக்கு நெஞ்சு ஏன் அடிக்குது? மருந்து எழுதுங்க டாக்டர்.”

“ஞான் டாக்டரல்ல, அங்கிள்.”

டாக்டரே இல்லையென்று தன் வாயாலேயே சொல்கிற ஆளிடம் என்ன பேசுவது? நான் எழுந்துவிட்டேன். முத்து, “அப்பா, கொறச்சு நேரம் இரிங்கப்பா” என்று சட்டையைப் பிடித்து இழுத்தாள். உட்கார்ந்தேன். அந்தம்மா நோயைப் பற்றிப் பேசாமல் என் தொழிலைக் கேட்டாள். அதைக் கேட்டால் நான் நிறுத்துவேனா? சவுக்கு எங்கே வாங்குவது, குழி எத்தனை ஆழம், காற்று வரும் திசையில் எப்படி முட்டுக் கொடுப்பது என்று எல்லாம் சொன்னேன். கம்பு உறுதியாக நிற்கிறதா என்று எப்படிப் பார்ப்பீர்கள் என்றாள்.

“நட்டு, மண்ணு போட்டு இடிச்சதும் நானே போயி ஒரு தடவை ஆட்டிப் பார்ப்பேன். ஒரே ஒரு தடவைதான். புதுசா வேலைக்கு வந்தவன் பயத்துல திரும்பத் திரும்ப ஆட்டுவான். ஆட்ட ஆட்டக் குழி அகலமாகும், மண்ணு பிடி விட்டுரும். நல்லா நின்ன கம்பை ஆட்டியே சாய்ச்சிருவான். நட்ட கம்பை ஆட்டக் கூடாது, நம்பணும்.”

சொல்லி முடித்தேன். அந்தம்மா பேனாவைக் கீழே வைத்தாள். முத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணிக்கு ஒரு தடவை நான் போன் போட்டு ஆட்டியது என்ன கம்பு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. படித்தவர்கள் இப்படித்தான். ஒரு புத்திமதி சொன்னால் நான் சண்டைக்குப் போயிருப்பேன். என் வாயாலேயே என்னைக் கட்டிப்போட்டு உட்கார வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரியிடம் சொன்னால், அவள் கீரை ஆய்ந்துகொண்டே, “இதைச் சொல்ல ஒருத்தி படிச்சுட்டு வரணுமாக்கும். பிள்ளை மேல வெயிலே படாம பந்தலுக்கு மேல பந்தலாப் போட்டு வச்சிட்டியளேன்னு நான் எத்தனை நாளாச் சொல்லுதேன்” என்றாள். சொன்னாளாம். எனக்கு ஞாபகமில்லை.

அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பேசியே குணமாக்கினார்கள் என்று நினைப்பீர்கள். வேலை வாங்கினார்கள். ஒரு நோட்டு, பயம் வரும்போது மனசு சொல்வது இடது பக்கம், நடந்தது வலது பக்கம். இடது பக்கம் ‘செத்துப்போவேன்’, வலது பக்கம் ‘சாகவில்லை, கொஞ்ச நேரத்தில் இறங்கிவிட்டது’. இப்படிப் பக்கம் பக்கமாக. முதல் வாரம் பஸ் ஸ்டாப்பில் சும்மா நிற்க வேண்டும். அடுத்து ஒரு ஸ்டாப் தூரம், அடுத்து மூன்று. நெஞ்சு அடித்தால் இறங்கி ஓடக் கூடாது. அது ஏறி, தானாக இறங்கும் வரைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டும். ஓடினால், ஓடியதால்தான் பிழைத்தோம் என்று மனசு கணக்குப் போட்டுக்கொள்ளுமாம். பஸ் ஏறச் சொல்லிக் கொடுக்கவும் ஒரு படிப்பா என்று ஏளனம் பண்ணினேன். ஆனால் கயிற்றால் ஆகாதது, மூன்று இசிஜியால் ஆகாதது, என் காரால் ஆகாதது, இந்த நோட்டால் ஆயிற்று. பொய் சொல்ல எனக்குத் தெரியாது.

எனக்கும் பாடம் உண்டு. சாயாக்கடையைக் காலி பண்ண வேண்டும். பிறகு போனைத் தொடக் கூடாது. அவளாகச் சொல்லாமல் நெஞ்சைப் பற்றிக் கேட்கவே கூடாது. லாரிப் பாரம் தூக்கியிருக்கிறேன், அது சுலபம். ஆறாவது மாசம் ஆபீஸ்காரர்களோடு பஸ்ஸில் பொன்முடி மலைக்குப் போகிறேன் என்றாள். கொண்டை ஊசி வளைவுகள், மேலே போகப் போக டவர் கிடைக்காது, நடுவில் இறங்கினால் திரும்ப பஸ்ஸும் கிடையாது. “போயிட்டு வா மக்களே” என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று பகல் முழுக்கக் கிடங்கில் நின்று, அடுக்கிய கம்பையெல்லாம் பிரித்து மறுபடியும் அடுக்கினேன். ஆட்களெல்லாம் எனக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று ஒதுங்கிப் போனார்கள். போனைக் கல்லாப்பெட்டிக்குள் போட்டுச் சாவியை வீட்டுக்காரியிடம் கொடுத்திருந்தேன்.

சாயங்காலம் வந்தாள். முகம் வெயிலில் கறுத்திருந்தது. அவளாகவே சொன்னாள்: “பதிமூணாவது வளைவுல வந்துச்சுப்பா. நல்லா வந்துச்சு. எறங்கணும்னு தோணிச்சு, எறங்கல. பதினேழாவது வளைவுல அதுவே போச்சு.” பயம் ஒரேயடியாகப் போய்விட்டது என்று அந்தம்மாவும் சொல்லவில்லை, முத்துவும் சொல்லவில்லை. வந்தால் என்ன செய்வது என்று தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். இன்றைக்கு அவள் பஸ்ஸில்தான் போகிறாள். வேலையும் இருக்கிறது.

இதோடு முடித்திருப்பேன். போன வாரம் அந்தம்மா முத்துவின் ஆபீஸில் எல்லாருக்குமாக வந்து பேசினாளாம்.

“அப்பா, உங்க கம்புக் கதையத்தான் சொன்னாங்க. எல்லாரும் கை தட்டினாங்க, கேட்டோ.”

“யாரு சொன்னதுன்னு சொன்னாளா?”

முத்து தயங்கினாள். “மலையாளத்துல ஒரு பழஞ்சொல்லு உண்டுன்னு... அவங்ககிட்ட வைத்தியத்துக்கு வந்தவங்க பேரு வெளிய சொல்லக் கூடாதுப்பா. அது அவங்க ரூல்.”

பழஞ்சொல்லாம், அதுவும் மலையாளத்தில்! நான் இன்னும் சாகவில்லை ஐயா. ஊருக்குப் போன் பண்ணி மச்சினனிடம் சொன்னால், “அத்தான், அது நம்ம ஊர்ல எல்லாரும் சொல்லுததுதான” என்கிறான். கயிறு கட்டச் சொன்ன வாய்! இந்த ஊர்க்காரி இந்த ஊர்ச் சொல் என்கிறாள், அந்த ஊர்க்காரன் அந்த ஊர்ச் சொல் என்கிறான். என் கிடங்கில் கிடக்கிற சவுக்கெல்லாம் கிழக்கே மணலில் வளர்ந்து, மலை தாண்டி வந்து, இங்கே செம்மண் குழியில் நிற்கிறது. இரண்டு மண்ணும் அதில் ஒட்டியிருக்கிறது, இரண்டு ஊரும் அதன் நிழலில் உட்கார்ந்து சாப்பிடுகிறது. நட்டவனைத்தான் எவனும் கேட்கவில்லை. அந்தம்மாவின் பங்கை அந்தம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன், மேலே எழுதியிருக்கிறேன், படித்துக்கொள்ளலாம். என் பங்கை எனக்குக் கொடுக்க வேண்டும். பேர் சொல்லக் கூடாது என்றால் வேண்டாம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து திருவனந்தபுரத்தில் பந்தல் போடுகிற ஒருத்தன் சொன்னது என்று, அடுத்த கூட்டத்தில் கை தட்டுவதற்கு முன்னால், சொல்ல வேண்டும்.