ஏழு லாபம்

"லாபம்" என்று முதல் படிக் கம்பைச் சாக்கில் கொட்டுவார் சின்னத்துரை. அடுத்தது "ரெண்டு", பிறகு "மூணு". நாலாவது படி பாதி நிறையும்போதே எழுந்துபோய்ச் சுவரிலுள்ள தினசரிக் காலண்டரைப் பார்த்துவிட்டு வருவார். எண்ணிக்கை மட்டும் தவறாது. பாளையம்பட்டியில் அவருடைய தவசக் கடையில் அவர் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

தானியம் அளக்கிறவர்கள் முதல் படியை ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்பார்கள். இந்த மனிதரோ ஏழு லாபத்தை வரிசையாக எழுதிவைத்துக்கொண்டு அதன் பின்னாலேயே அலைந்தார்: 1111111. "இதை இதாலயே பெருக்குங்க" என்று கம்பு வாங்க வந்தவரிடம் சாக்பீஸை நீட்டுவார். 1234567654321 என்று வரும். "ஏறுன மாதிரியே எறங்குது பாத்தீகளா?" வந்தவர் அதற்குள் பஸ்ஸை விட்டிருப்பார்.

1985 கடைசியில் தம்பி சங்கரபாண்டியன் பாகம் கேட்டார். காரியாபட்டியில் தனிக் கடை போட அவருக்கு ஆசை. அப்பா வைத்த கடையைப் பிரிக்க அண்ணனுக்கு மனசில்லை.

"இந்த நம்பரு மிச்சமில்லாம பிரியுற அன்னைக்குக் கடையும் பிரியட்டும்" என்றார்.

"சரிண்ணே. வகுத்துப் பாத்துச் சொல்லுங்க."

ஜனவரி ஒன்றிலிருந்து நாளுக்கு ஓர் எண்; முதல் நாள் ஒன்று, மறுநாள் இரண்டு. கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் வகுத்துப் பார்த்துக் கம்பியில் குத்திவிடுவார். 1054 வரை போனால் போதும். அதைவிடப் பெரிய எண்ணில் பிரிவதானால் அதன் ஜோடி எண் இதற்குள்ளேயே அகப்பட்டிருக்கும். மூன்று வருஷம் ஓடி, இந்த நவம்பரில் அதுவும் முடிந்தது. ஒன்றைத் தவிர எதிலும் பிரியவில்லை என்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கற்கண்டு கொடுத்தார். ஆனாலும் உட்கார்ந்தால் கால் ஆடுவது நிற்கவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் மனைவி சண்முகவடிவு. போன வாரம் கம்பியைத் தூசி தட்டும்போது, "நடுநடுவுல வெறுந்தாளா இருக்கே" என்றார். நூற்று நாற்பதுக்கு மேல் இருந்தன. எல்லாம் அஷ்டமி, நவமி.

"அன்னைக்கு ஆரு புதுசாக் கணக்குத் தொடங்குவா? பொறவு பாத்துக்கிடலாம்னு விட்டேன்."

சின்னத்துரை மறந்துவிடவில்லை, பயந்தார் என்றே கடையில் கணக்கெழுதும் எனக்குத் தோன்றியது. பாவமாக இருந்தது.

"இன்னைக்குத் தசமிண்ணே" என்றார் பக்கத்தில் நின்ற தம்பி. "நாளு நல்லாத்தான் இருக்கு."

அண்ணன் வெறுந்தாள்களை வரிசையாக எடுத்து வகுக்க ஆரம்பித்தார். உட்காருவதும் எழுவதுமாக முப்பது தாள் போயிற்று. பிறகு வந்தது 86 ஆகஸ்ட் 27, கோகுலாஷ்டமி, 239ஆவது நாள். ஈவு நாலு, ஆறு, நாலு, ஒன்பது. மீதி பூஜ்யம். அழித்துவிட்டு இன்னொரு தடவை போட்டார். அதே பூஜ்யம்.

தம்பிக்கே முகம் வாடிவிட்டது. "இருக்கட்டும்ணே. வெளாட்டுக்குத்தான சொன்னோம்."

சின்னத்துரை இரண்டு வெறும் சாக்குகளை விரித்துவைத்து, கால் ஆடாமல் உட்கார்ந்தார். ஒரு படி கம்பைத் தம்பியின் சாக்கில் கொட்டி, "லாபம்" என்றார். அடுத்த படியைத் தன் சாக்கில் கொட்டினார். அதற்கும் "லாபம்" என்றே சொன்னார்.