மகப்பேற்றுப் பிரிவின் வாசலில் ஒரு பூசணி

இந்த நாட்டில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. வேலிக்கு வெளியே நின்று "ஹோடி" என்று குரல் கொடுக்கிறார்கள். உள்ளிருப்பவர் "கரிபு", அதாவது வருக, என்று சொன்ன பிறகே அடியெடுத்து வைக்கிறார்கள். மூன்று முறை அழைத்தும் பதில் வராவிட்டால், சன்னலில் விளக்கொளி தெரிந்தாலும், மனத்தாங்கலின்றித் திரும்பிப் போய்விடுகிறார்கள். டான்ஸானியாவின் தென்மேற்கு மலைப்பகுதியிலுள்ள இந்தச் சிற்றூருக்கு நான் வந்து நெடுங்காலம் ஆகிறது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கணிதம் கற்பித்து ஓய்வும் பெற்றுவிட்டேன். ஆயினும் "கரிபு" சொல்லும் வேலை எந்நாளும் என்னுடையதாக இருந்ததில்லை. அது என் மனைவி கோமளாவுடையது. அடுப்படியிலிருந்தாலும் கொல்லையிலிருந்தாலும் அவள் குரல் வாசலுக்குப் போய்விடும். அவள் காலமான பின்பும், வெளியே யாராவது அழைத்தால், உள்ளிருந்து பதில் போகும் என்று நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து காத்திருக்கிறேன். வந்தவர் திரும்பிச் செல்லும் காலடியோசை கேட்ட பிறகே எழுந்திருக்கிறேன்.

கோமளா இவ்வூர் மருத்துவமனையில் மருத்துவச்சியாக இருந்தாள். பழைய பிரசவ அறை, பொது வார்டின் கோடியில் ஒரு துணித் திரைக்கு அப்பால் இருந்தது. காய்ச்சல்காரர்கள் முனகுவதைக் கேட்டுக்கொண்டே பெண்கள் பிள்ளை பெற்றார்கள். தனிக் கட்டடம் வேண்டுமென்று அவள் ஓயாமல் கேட்டாள். அஸ்திவாரம் தோண்டியதைப் பார்த்தாள். கூரை போட்டதைப் பார்க்கவில்லை.

கட்டடம் முடிந்ததும் மருத்துவமனைத் தாதியரின் தலைவி மேட்ரன் நேமா என் வீட்டு வேலிக்கு வெளியே வந்து நின்றார். மூன்றாவது "ஹோடி"க்குப் பிறகும் அவர் திரும்பிப் போகவில்லை. "ம்ஸே, நீங்க உள்ளதான் இருக்கீங்க, எனக்குத் தெரியும்," என்றார். ம்ஸே என்பது வயதானவர்களை இங்கே மரியாதையாக அழைக்கும் சொல். உள்ளே வந்து உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். "ரிப்பனெல்லாம் கிடையாது. புது வாசல்ல நின்னு நீங்க 'ஹோடி' சொல்லணும். உள்ளேயிருந்து நாங்க 'கரிபு' சொல்வோம். நீங்க கதவைத் திறந்துக்கிட்டு முதல்ல வரணும். அந்த வீட்டைக் கேட்டு வாங்கினது மாமா கோமளா. அவங்க வீட்டு ஆள்தான் கூப்பிடணும்." மாமா என்றால் இங்கே அம்மா.

நான் துக்கத்தில் இருக்கிறேன், நல்ல காரியத்தில் முன்னால் நிற்கக் கூடாது என்று சொன்னேன். அவர் தலையசைத்தார். இங்கே துக்கம் காக்கும் நாற்பது நாள் எப்போதோ கடந்துவிட்டதே என்றார். எங்கள் வழக்கில் ஓர் ஆண்டு என்றேன். சற்று யோசித்தார். பிறகு என் கையைப் பற்றிக்கொண்டு, "ரொம்ப நேரம் நிக்க முடியாதுன்னு சொல்றீங்க. நல்ல நாற்காலியா ஒண்ணு போட்டு வைக்கிறேன்," என்றார். அவர் புரிந்துகொண்டதைத் திருத்தாமலே வேலிவரை கொண்டுபோய் விட்டேன்.

எங்கள் சொந்த ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது. திருப்பதிக்குப் பக்கத்தில், தறிகள் நிறைந்த அந்த நகரியில் என் தகப்பனார் இறந்தபோது நான் திருப்பதியில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஆண்டு முழுவதும், விடுதி மாடியிலிருந்து தினமும் மலையைப் பார்த்தேனேயொழிய மேலே ஏறவில்லை. என் தங்கையின் வளைகாப்பு நடந்த அவள் புகுந்த வீட்டுக்கு எதிரில், தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தேன். வரவேண்டாமென்று யாரும் சொல்லவில்லை, வாவென்றும் அழைக்கவில்லை. கருவுற்ற பெண்ணின் எதிரே சாவு நிகழ்ந்த வீட்டார் போவதில்லை என்பது தறிச்சத்தத்தைப் போல எங்களுக்குள் ஊறிய ஒன்று. எனக்கு இதில் நம்பிக்கை உண்டா என்று கேட்டால், இல்லை. ஆனால் அந்தக் கதவுக்குள் நாளை பிள்ளை பெறப் போகிறவள் வேறொருத்தி. அவள் உயிரை வைத்து என் நம்பிக்கையின்மையைச் சோதித்துப் பார்க்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? மறுத்தால் கோமளாவின் வாசலில் கோமளாவுக்காக யாரும் நிற்கப் போவதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே பல நாட்கள் குழம்பினேன்.

கடைசியில் கோமளாவின் தம்பி முனிரத்னத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். நகரியிலிருந்து தினமும் திருப்பதிக்குப் போய்த் துணிக்கடையில் வேலை பார்ப்பவன்; பேச்சில் தெலுங்கு கலந்திருக்கும்.

"இன்னா மாமா நீங்க? அக்கா போயி வருஷம் திரும்பல. அசலு, புள்ள பெத்துக்கிற எடத்துல போய்க்கினு முன்னால நிப்பீங்களா? வாணாம் மாமா."

"கேட்பது அவர்கள். எப்படி மறுப்பது என்று தெரியவில்லை."

"பரவாலேது, ஒண்ணு பண்ணுங்க. வாசல்ல ஒரு பூசணிக்கா ஒடைச்சிட்டு அப்படியே ஒதுங்கிக்கினு நில்லுங்க. திஷ்டி கழிச்ச மாதிரியும் ஆச்சு, நீங்க வந்த மாதிரியும் ஆச்சு. கதவை வேற யாரையாவது தொறக்கச் சொல்லுங்க. எத்தினி கணக்கு போட்டிருக்கீங்க, இதுக்கு ஒரு கணக்கு வராதா?"

அது சரியான தீர்வாகவே பட்டது. நம் பக்கத்து வெள்ளைப் பூசணி இங்கே கிடைப்பதில்லை. சமைத்துண்ணும் மஞ்சள் பூசணிதான். அதைத் தொட்டுப் பார்த்து, தட்டிப் பார்த்துப் பெரிதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். சந்தைக்காரப் பெண் சிரித்தாள். "ஒத்தை ஆளுக்கு இவ்வளவா, ம்ஸே? கல்யாணமா?" வீட்டுக்கு வந்து, காம்பைச் சுற்றி முக்கோணமாக வெட்டியெடுத்து, கோமளாவின் சிமிழிலிருந்த திருச்சானூர்க் குங்குமத்தை உள்ளே கொட்டினேன். அவள் போன பிறகு அந்தச் சிமிழைத் திறந்தது அன்றுதான். வெட்டிய துண்டைப் பழையபடி பொருத்தி மூடினேன்.

திறப்பு விழா காலையில் நடந்தது. நோயாளிகளுக்குச் சமைத்துப்போட வந்து மருத்துவமனைக்குப் பின்புறக் கொட்டகையில் தங்கும் உறவுக்காரப் பெண்கள்தான் கூட்டத்தில் பெரும்பாலோர். கங்கா என்னும் பூப்போட்ட துணியை இடுப்பில் சுற்றி, நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டு ஆடினார்கள். ஒரு மகப்பேற்று விடுதிக்காக மனிதர்கள் ஆடுவதை நான் ஊரில் கண்டதில்லை. அங்கே பிரசவத்துக்கு முன்னால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு பயப்படுவோம். முன்வரிசையில், கைப்பிடி வைத்த பெரிய நாற்காலி ஒன்று எனக்காகவே போடப்பட்டிருந்தது. நான் உட்காரவில்லை. பூசணியைத் தூக்கிக்கொண்டு வாசற்படிக்குப் போனேன்.

"சமைக்கவா?" என்று கொட்டகைப் பெண் ஒருத்தி கைநீட்டினாள்.

"இல்லை, உடைக்க," என்றேன்.

மேட்ரன் நேமா அருகில் வந்து மூடியைத் தூக்கிப் பார்த்தார். குங்குமம் பூசணியின் ஈரத்தில் ஊறிக் கருஞ்சிவப்பாகக் குழைந்திருந்தது. விதைகளும் நார்களும் அதில் மிதந்தன. அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. குரலைத் தாழ்த்திக் கேட்டார். "இதை இந்தப் படியிலயா உடைப்பீங்க? வயித்தைப் பிடிச்சுக்கிட்டு அவங்க நடந்து வர்ற படியிலயா?"

நான் குனிந்து பார்த்தேன். உருண்டு திரண்ட வயிறு ஒன்று என் கைகளில் கிழிந்து கிடந்தது.

அப்போதுதான் சித்தூர் நினைவுக்கு வந்தது. கோமளா அங்கே தாதிப் பயிற்சியில் இருந்தாள். எங்களுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. காணிப்பாக்கம் பேருந்துகள் நிற்குமிடத்தில் ஒரு மாலை அவளுக்காகக் காத்திருந்தேன். வெகுநேரம் கழித்து, புடவை முந்தானை நனைந்து, விரல் நுனிகள் சிவந்து வந்து நின்றாள். பிரசவ வார்டுக்குப் புது அறை திறந்தார்களாம். "ஒடைச்சவங்க ஒடைச்சிட்டு போய்க்கினே இருக்காங்க. வாசப்படி பூரா செவப்பு. வலியோட உள்ள வர்ற பொம்பள அத்தப் பார்த்தா இன்னா நெனைப்பா? மூணு பக்கெட் தண்ணி ஊத்திக் கழுவினேன்," என்றாள். அவள் கோபத்தில் அழகாயிருக்கிறாள் என்று எண்ணியதைத் தவிர, அந்தப் பேச்சில் நான் வேறெதையும் அன்று காதில் வாங்கவில்லை. நம் வழக்கம் ஒரு பக்கம், இவர்கள் வழக்கம் மறுபக்கம் என்று இத்தனை நாளும் கோடு கிழித்து வைத்திருந்தேன். கோமளா அந்தக் கோட்டுக்கு அப்பால், நேமாவின் பக்கத்தில், சித்தூரிலேயே நின்றுகொண்டிருந்திருக்கிறாள்.

பூசணியைக் கொட்டகைப் பெண்ணிடம் கொடுத்தேன். முற்றத்துக் குழாயில் முழங்கைவரை கழுவினேன். சிவப்பு எளிதில் போகவில்லை. பாட்டு நின்றுவிட்டது, எல்லோரும் காத்திருந்தார்கள். மூடிய புதுக் கதவின் முன்னால் நின்று "ஹோடி" என்றேன். கதவைத் தாண்டி அது போகவில்லை. மறுபடி சொன்னேன். உள்ளேயிருந்து பல பெண்கள் ஒரே குரலில் "கரிபு" என்றார்கள். அந்தக் குரல்களில் ஒன்றைத் தேடினேன் என்பதை இங்கே எழுதுவதில் வெட்கமில்லை. கதவைத் தள்ளி உள்ளே போனேன். சுண்ணாம்பு வாசனையும் விரிப்புப் போடாத கட்டில்களும் இருந்தன. செய்தது சரியா என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

மதியம் எல்லோருக்கும் சாப்பாடு. என் தட்டில் வேகவைத்த பூசணித் துண்டுகளும் இருந்தன. செவ்வையாகக் கழுவியிருந்தார்கள்; ஒரு துண்டின் ஓரத்தில் மட்டும் மெல்லிய சிவப்புக் கோடு எஞ்சியிருந்தது. தட்டோடு அந்தப் பெரிய நாற்காலியைப் புது வாசலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சாப்பிட்டு முடிக்கும் வேளையில் முனிரத்னம் அழைத்தான். பின்னணியில் திருப்பதிப் பேருந்து நிலையத்து ஒலிபெருக்கி தெலுங்கில் ஊர்ப்பெயர்களை அடுக்கிக்கொண்டிருந்தது.

"மாமா, பூசணிக்கா ஒடைச்சீங்களா?"

"இல்லப்பா," என்றேன். பல ஆண்டுகளாக வாயில் வராத நகரிப் பேச்சு தானே வந்தது. "துன்னுட்டோம்."

"இன்னாது?" என்று கத்தினான். பிறகு மெதுவாக, "அக்கா இருந்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருக்கும், மாமா," என்றான்.

அந்நேரம் முற்றத்தின் வெளி வாயிற்கதவருகே "ஹோடி" என்று ஒரு குரல். நிறைமாதப் பெண்ணொருத்தி தன் தாயின் தோளில் சாய்ந்து நின்றாள். தாதியர் பின்கட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாசலில் என்னைத் தவிர யாருமில்லை. இரண்டாம் முறை அழைத்தாள். யாரோ பதில் சொல்வார்கள் என்று வழக்கம்போல் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மூன்றாம் முறை அவள் அழைப்பதற்குள், தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே எழுந்து நின்று, "கரிபு" என்றேன்.

"யார மாமா கூப்புடறீங்க?" என்று திருப்பதியிலிருந்து முனிரத்னம் கேட்டுக்கொண்டிருந்தான்.