எட்டு கிளிக்

எனக்கு ஓசூர்க் குளிர் ஆகாது. கோவில்பட்டிப் பக்கம் பிறந்தவளுக்கு எப்படி ஆகும்? எங்கள் ஊரில் மார்கழியிலும் மின்விசிறி ஓடும். கல்யாணமாகி இங்கே வந்த முதல் வருடம், காலையில் குழாய்த் தண்ணீரில் கையை வைத்துவிட்டு அழுதிருக்கிறேன். ஏழு வருடமாகியும் டிசம்பர் வந்தால் என் விரல் நுனிகள் வெளுத்து மரத்துப்போகும். அந்த விரல்களை வைத்துக்கொண்டுதான் துப்பாக்கி சுடக் கற்றுக்கொள்ளப் போனேன்.

துப்பாக்கி என்றதும் யாரும் பயந்துவிட வேண்டாம். காற்றழுத்தத்தில் சுடுகிற போட்டித் துப்பாக்கி. பத்து மீட்டர் தள்ளி உள்ளங்கை அளவுக்கு ஒரு அட்டை, அட்டையில் கறுப்பு வட்டம், வட்டத்தின் நடுவில் ஒரு புள்ளி. புள்ளியில் பட்டால் பத்து மதிப்பெண். விலகிப்போகப் போக ஒன்பது, எட்டு என்று குறையும். எங்கள் தொழிற்சாலைக்குப் பின்னால் மூடிக்கிடந்த அட்டைப்பெட்டிக் கம்பெனியின் தகரக் கொட்டகையில் ஒருவர் சின்னதாக ஒரு கிளப் நடத்தினார். பகலில் லேத் பட்டறை வைத்திருப்பவர், காலையில் எங்களுக்கு சார். அத்திப்பள்ளிக்காரர். அவர் பேசுகிற தமிழில் பாதி கன்னடம்.

நான் சேர்ந்ததற்குக் காரணம் கர்வம்தான். வண்டி உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. முடியளவு வித்தியாசம் இருந்தாலும் கண்டுபிடித்துத் தள்ளிவிடுவேன். லைனில் இருக்கிறவர்கள் என்னைப் பார்த்தாலே முகத்தைச் சுளிப்பார்கள். இப்படிப்பட்ட கண்ணும் கையும் இருக்கிறவள் துப்பாக்கி பிடித்தால் எல்லாரும் வாய் பிளப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

காலை ஆறு மணிக்குப் பயிற்சி. பனி மூடிய ரோட்டில் தனியாக ஸ்கூட்டியில் போக வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொன்னார். அதனால் எங்கள் தெருவில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு பெண்ணைத் துணைக்குக் கூட்டிப்போனேன். வேப்பனப்பள்ளிக்காரி. எங்கள் கம்பெனியில் அசெம்பிளி லைனில் இருந்தாள். என்னைவிட ஆறு வயது சின்னவள். வீட்டோடு தெலுங்கு, என்னோடு தமிழ், கடைக்காரரோடு கன்னடம் என்று மூன்றிலும் வாயடிப்பாள். அவளை நானேதான் எழுப்பி, நானேதான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றும்.

ஒரு வாரம் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து தூங்கி வழிந்தாள். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, சார், "நீனும் ரெண்டு போட்டுப் பாரும்மா" என்றார். சிரித்துக்கொண்டே எழுந்து வந்து ஐந்து சுட்டாள். கயிற்றை இழுத்து அட்டையை அருகில் கொண்டுவந்து பார்த்தால், ஐந்து துளைகளும் வட்டத்தின் நடுவில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. சார் அட்டையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என் அட்டையை அவர் ஒருநாளும் அப்படிப் பிடித்துப் பார்த்ததில்லை.

எனக்கு வயிறு எரிந்தது. அதற்கு நல்ல பெயர் ஒன்றும் வைக்கப்போவதில்லை, பொறாமைதான். அவள் மதிப்பெண் மேல் மட்டும் இல்லை. நின்ற இடத்தில் அப்படியே நிற்கிறாளே, அந்த நிற்பின் மேல். சாரோடு கன்னடத்தில் சிரித்துப் பேசுகிறாளே, எனக்குப் புரியாத அந்தச் சிரிப்பின் மேல். எல்லாவற்றையும்விட, அவள் கையின் மேல். எந்தக் குளிரிலும் அவள் கை சுடச்சுட இருக்கும். என் விரல் மரத்துப்போய் விசை எங்கே இருக்கிறதென்றே தெரியாமல் நான் தடவிக்கொண்டிருக்கும்போது, "குடுக்கா இங்க" என்று என் கையைப் பிடுங்கித் தன் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துத் தேய்ப்பாள். இரண்டு நிமிடத்தில் விரலுக்கு உயிர் வந்துவிடும். அந்தச் சூடு எனக்கு வேண்டியிருந்தது. அது அவளிடமிருந்து வருகிறதே என்று கடுப்பாகவும் இருந்தது.

சுடுவதற்கு முன் டீ, காபி குடிக்கக் கூடாது, நெஞ்சு படபடக்கும் என்பது சாரின் சட்டம். எங்களுக்கோ குளிர் தாங்காது. அதனால் கொட்டகைக்கு எதிரே இருந்த கடையில் இரண்டு டீ வாங்கி, குடிக்காமல் கண்ணாடி கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்போம். ஆறிய டீயைத் திருப்பிக் கொடுத்தால் கடைக்காரர், "எப்பா, நல்லா இல்லன்னு இப்பிடி யாரும் என் மானத்த வாங்கனதில்ல" என்பார். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அவளுக்கு அந்த டீயின் சூடு தேவையே இல்லை. எனக்குத் துணைக்குத்தான் அவளும் ஒரு கிளாஸைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

கிளப்புக்குப் பொதுவாக இருந்தது ஒரே ஒரு நல்ல துப்பாக்கி. நாங்கள் இரண்டு பேரும் அதில்தான் சுடுவோம். அதில் கண் வைத்துப் பார்க்கிற துளைக்குப் பக்கத்தில் ஒரு குமிழ் உண்டு. குண்டு இடப்பக்கமோ வலப்பக்கமோ விலகினால் அந்தக் குமிழைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். ஒவ்வொரு திருப்புக்கும் டிக்கென்று ஒரு சத்தம் வரும். அதைக் கிளிக் என்போம். ஆளுக்கு ஆள் கண்ணும் கன்னம் வைக்கிற விதமும் வேறு என்பதால் கிளிக்கும் வேறு. எனக்கு இடப்பக்கம் எட்டு. அவளுக்கு ஒன்றுமே வேண்டாம். குமிழ் ஜீரோவில் இருந்தால் அவளுக்குச் சரியாக இருக்கும். துப்பாக்கிகூட அவளுக்கென்றே செய்துவைத்த மாதிரி! இதற்கும் எரிந்தேன்.

பொதுத் துப்பாக்கிக்கு சார் ஒரு வழக்கம் வைத்திருந்தார். சுட்டு முடித்தவர் தன் கிளிக்கை எல்லாம் திருப்பி எடுத்துவிட்டு, அடுத்தவர் கையில் கொடுக்கும்போது வாய்விட்டு "ஜீரோ" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அடுத்தவர் தோளில் வைப்பார். தினமும் நான் சுட்டு முடித்து எட்டுத் தடவை டிக் டிக்கென்று திருப்பி, "ஜீரோ" என்று கொடுப்பேன். அவள் வாங்கிக்கொள்வாள். குமிழை அவள் தொட்டு நான் பார்த்ததே இல்லை.

ஜனவரியில் கிருஷ்ணகிரியில் மாவட்டப் போட்டி. எங்கள் இருவருக்கும் அதுதான் முதல் போட்டி. ஒரு வாரத்துக்கு முன் சார் எங்களை நிறுத்திவைத்துச் சொன்னார்: "உங்க ரெண்டு பேர்ல யார் ஜாஸ்தி எடுக்கறாங்களோ, மாநிலப் போட்டிக்கு இந்த ரைஃபிள் அவங்களுக்கு. ஒண்ணு வச்சிக்கிட்டு ரெண்டு பேருக்கு ஆகல்லம்மா."

அந்த வாரம் முழுக்க நான் செய்த தயாரிப்பைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஸ்வெட்டருக்கு மேல் சுடும் கோட்டு போட்டால் தோள் உப்பிக்கொள்கிறது என்று ஸ்வெட்டரைக் கழற்றினேன், குளிரில் பல் கிட்டியது. மறுபடி போட்டேன். சமையலறைச் சுவரில் ஒரு பொட்டை ஒட்டிவைத்து, துடைப்பக்கட்டையைத் தோளில் வைத்து ஒற்றைக் கண்ணால் குறிபார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்காரர் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஒன்றும் கேட்காமல் வெளியே போனார். அவளோ பஸ்ஸில் தூங்கினாள், கேன்டீனில் இரண்டாம் முறை சாம்பார் வாங்கிச் சாப்பிட்டாள், "நீ ஏன்க்கா இப்பிடி ரோசன பண்ற? போனமா சுட்டமான்னு வரலாம்" என்றாள். தோற்கப் பயப்படாதவளைப் பார்த்தால் எப்படிக் கோபம் வரும் தெரியுமா?

போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் கடைசிப் பயிற்சி. சார் பட்டியலைப் படித்தார். நாளைக்கு முதல் சுற்றில் அவள், இரண்டாம் சுற்றில் நான், அதே தடம், அதே துப்பாக்கி. அன்று அவள் முதலில் சுட்டாள். நான் பின்னால் சுட்டேன். முடித்ததும் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு சார் நின்றார். அவள் என் பக்கத்தில் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். என் விரல் குமிழின் மேல் இருந்தது. திருப்பவில்லை. "ஜீரோ" என்றேன். சார் துப்பாக்கியை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

நான் மறக்கவில்லை. குளிரில் விரல் வரவில்லை என்றும் சொல்ல முடியாது. சாயங்காலம் அவ்வளவு குளிரும் இல்லை.

மறுநாள் காலை சாரின் வண்டியில் போனோம். சூளகிரி தாண்டும் வரை ரோடே தெரியவில்லை. லாரிகளின் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்தோம். அவள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். பெட்டி எங்கள் காலடியில் இருந்தது. குருபரப்பள்ளி வந்தபோது எழுப்பிச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். கிருஷ்ணகிரி வந்துவிட்டது.

ஒரு கல்லூரியின் பெரிய கூடத்தில் போட்டி. உள்ளே போனபின் யாரும் யாரிடமும் பேசக் கூடாது என்று அறிவித்தார்கள். நான் கயிறு கட்டிய எல்லைக்குப் பின்னால், கையில் டீ கிளாஸோடு நின்றேன். எண்ணப்படாத சோதனைக் குண்டுகளுக்கு முதல் பதினைந்து நிமிடம். அவள் சுட்டாள். அட்டையை இழுத்துப் பார்த்தாள். இன்னும் மூன்று சுட்டாள். எல்லாம் இடப்பக்கம் எட்டு மதிப்பெண் வட்டத்திலேயே விழுந்திருந்தன. நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். காலை மாற்றிவைத்தாள். தன் மேல்தான் தப்பு என்று தேடுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. மறுபடி சுட்டாள். மறுபடி இடப்பக்கம்.

அப்போது திரும்பி என்னைப் பார்த்தாள்.

எட்டு விரலைக் காட்டியிருந்தால் போதும். கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் காட்டியிருக்கலாம். நான் டீயைப் பார்த்தேன். ஆடை படிந்திருந்தது.

நிமிர்ந்தபோது அவள் கை குமிழின் மேல் இருந்தது. அவள் மணிக்கட்டு அசைவதை எண்ணினேன். சரியாக எட்டு. எப்படித் தெரிந்தது என்று கேட்க வேண்டியதில்லை. இத்தனை நாளும் எனக்குப் பின்னால் நின்று என் கிளிக்குகளைக் காதால் எண்ணிக்கொண்டுதானே இருந்தாள். அதற்குப்பின் அவள் சுட்ட நாற்பது குண்டுகளைப் பற்றி நான் சொல்ல விரும்பவில்லை. நன்றாகச் சுட்டாள்.

சுற்று முடிந்து நான் உள்ளே போனேன். "இந்தாக்கா" என்று மெல்லச் சொல்லித் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு வெளியே போனாள். நான் வழக்கம்போல இடப்பக்கம் எட்டு கிளிக் வைத்தேன். சோதனைக் குண்டு இரண்டு போட்டு அட்டையை இழுத்தேன். இரண்டும் இடப்பக்கம் ஓடியிருந்தன. இன்னும் இரண்டு. அதே இடம். பழிவாங்கிவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். எனக்கு வேறெப்படித் தோன்றும்? குமிழைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில், நான் வைத்த எட்டையும் எடுத்துவிட்டால் குண்டு நடுவில் விழுந்தது. அப்போதுதான் உறைத்தது. துப்பாக்கி என் எண்ணில் தயாராக வைக்கப்பட்டுத்தான் என் கைக்கு வந்திருக்கிறது. அவள் "ஜீரோ" என்று சொல்லவே இல்லை.

அதன்பின் சுட்டது சுட்டதுதான். என் மூக்குக்கண்ணாடியில் மூச்சு படிந்தது, துடைத்தேன், மறுபடி படிந்தது. பலகையில் பட்டியலை ஒட்டியபோது அவள் என்னைவிடப் பதினான்கு அதிகம். சார் அவள் தலையில் தட்டி, "ரைஃபிள் உன்துதாம்மா" என்றார்.

சார் இன்னும் சிலரைப் பார்க்க வேண்டும் என்று நின்றுவிட்டார். நாங்கள் பஸ்ஸுக்கு வந்தோம். நிறுத்தத்தில் இரண்டு டீ வாங்கினோம். போட்டி முடிந்துவிட்டதால் குடிக்கலாம். அவள் ஊதி ஊதிக் குடித்தாள்.

"என் எட்டை நீ எதுக்கு வச்ச?" என்று கேட்டேன்.

"குளுருல உனக்கு வெரலு வராதில்ல. பேசக் கூடாதுன்னாங்க, அதான் சொல்லல. ஜீரோன்னு சொல்லாத குடுத்தா நீ புரிஞ்சிக்குவன்னு நெனச்சேன்" என்றாள். பிறகு, "நேத்து நீ ஜீரோன்னு சொன்னப்போ கிளிக்கு சத்தமே வரலக்கா. நான்தான் அட்டய அடுக்கிகினு சரியா கேக்கலன்னு நெனச்சிகினேன்" என்றாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். அவள் நம்பத் தயாராகத்தான் இருந்தாள். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை.

"நான் திருப்பல. மறக்கவும் இல்ல. வேணும்னுதான் விட்டேன்."

அவள் கிளாஸைக் கீழே வைத்தாள்.

"அதான் நான் பாத்தப்போ தலய குனிஞ்சிகினியா?" என்றாள்.

பஸ் வந்தது. ஏறி, பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். ஜன்னல் கண்ணாடி பாதியில் சிக்கிக்கொண்டு மூடவில்லை. குருபரப்பள்ளி தாண்டியதும் காற்று முகத்தில் அடித்தது. என் விரல்கள் வெளுத்துக்கொண்டே வந்தன. மடியில் அவள் கண்ணுக்குத் தெரியும்படிதான் கையை வைத்திருந்தேன். ஓசூர் வரும்வரை அவள் தன் கைகளைச் சால்வைக்குள்ளிருந்து எடுக்கவில்லை.