அறைக்குள் பேசியதும் ஒரு சட்டி நண்டுக் கறியும்

இந்த வெள்ளைக்கார ஊரில் டாக்டர்கள் தங்கள் தவறுகளை ஒத்துக்கொள்ளும் கூட்டத்தில் பிஸ்கட் தருகிறார்கள். மாதம் ஒருமுறை கதவைச் சாத்திக்கொண்டு, எங்கே சறுக்கினோம் என்று ஒருவரை ஒருவர் கேள்வி கேட்போம். அங்கே பேசியது வெளியே போகக்கூடாது. போனால் அடுத்த மாதம் எவரும் வாயைத் திறக்கமாட்டார்கள். மதுரையில் நான் மயக்க மருந்து டாக்டராக இருந்த ஆஸ்பத்திரியில் இப்படி ஒரு கூட்டமே கிடையாது. பெரிய டாக்டர் தப்பே செய்யமாட்டார், அவ்வளவுதான். ஆனால் சாயங்காலத்துக்குள் வாசல் டீக்கடைக்கு எல்லாம் தெரிந்துவிடும்!

ஹரோவில் என் பக்கத்து வீட்டு மலர் அக்கா, குடல்வால் வெடித்து, எங்கள் ஆஸ்பத்திரி ஐசியூவில் கிடந்து பிழைத்து வந்தவர். அவர் கேஸும் அந்தக் கூட்டத்துக்கு வந்தது. என்ன பேசினோம் என்று உங்களுக்கும் சொல்லப்போவதில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அந்தச் சனிக்கிழமை அக்காவின் கணவர் சிவா அண்ணை நண்டுக் கறியோடு வந்தார். பாரிஸிலிருந்து வந்து வெம்பிளியில் மீன்கடை வைத்திருக்கும் ஈழத்தமிழர். தன் கறிக்கு முன்னால் எந்த ரகசியமும் நிற்காது என்பது அவர் நம்பிக்கை.

"தங்கச்சி, ஒண்டே ஒண்டு. நான் கடையைப் பூட்டிப்போட்டு, பிந்தித்தான் அவவைக் கொண்டுபோனனான். அதாலதானோ வெடிச்சது? உங்கட ஆக்கள் என்ன கதைச்சவை?"

பதில் எனக்குத் தெரியும். மனிதர் சரியாகச் சாப்பிடாமல் பாதியாகியிருந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது.

"அண்ணே, அங்க பேசினதை என்னால சொல்ல முடியாது. ஆனா அக்காவுக்கு என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியது ஆஸ்பத்திரியோட கடமை. இதே கேள்வியை அங்க கேளுங்க."

"நீங்கள் எங்கட ஆள் எண்டெல்லோ நினைச்சன்" என்று எழுந்து போனார். போகும்போது சட்டியையும் எடுத்துக்கொண்டார்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

திங்கட்கிழமை முதல் வேலையாக எங்கள் பிரிவின் தலைவி மார்கரெட்டிடம் போய், அந்தக் கணவரை எப்போது கூப்பிட்டுப் பேசப்போகிறீர்கள் என்று கேட்டேன். "ஏன், வழக்குப் போடப்போகிறாரா?" என்றார். ஐயோ, இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது! "இல்லை, பழியைத் தன்மேலேயே போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருக்கிறார்" என்றேன். அந்த வாரமே கூப்பிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை அண்ணை மறுபடியும் வந்தார், சட்டியோடு. ஸ்கேன் முடிவு மாலையே வந்தும் காலைவரை ஒருவரும் பார்க்கவில்லை என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார்களாம். இந்தக் கதையை எழுதச் சொன்னவரும் அவர்தான்; அதனால்தான் இதை உங்களிடம் சொல்கிறேன். "நான் பிந்தினதால இல்லையாம், தங்கச்சி" என்றார். பிறகு என்னை உற்றுப் பார்த்தார்.

"உங்களுக்கு அண்டைக்கே தெரியும், என்ன?"

நான் எங்கள் ஊர் ஆமாவும் சொல்லவில்லை, அவர்கள் ஊர் ஓமும் சொல்லவில்லை.

"சரி, சொல்ல வேண்டாம். சாப்பிடுங்கோ" என்று மூடியைத் திறந்தார்.

ஆஸ்பத்திரிக்காக மூடிய வாயை நண்டுக்காகத் திறந்தேன்.